டப்ளினில் ஐரிஷ் பிடில் குழு வகுப்பு: யாருக்குச் சரிப்படும்?

டப்ளினின் வடபகுதியில், ஓர் ஆரம்பப் பள்ளியின் வகுப்பறையில் வாரம் ஒரு மாலை நடக்கிறது இந்த வகுப்பு. பத்து வாரத்துக்கு 150 யூரோ. வில் பிடிக்கத் தெரிந்தவர்கள் தயங்காமல் சேரலாம். வயலினையே முதன்முதலாகத் தொடுகிறவர்கள் கொஞ்சகாலம் தனியாகப் படித்துவிட்டு வருவது நல்லது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் உங்கள் மணிக்கட்டு விறைத்திருப்பதை யார் கவனிப்பார்கள்?

பாடமுறை எனக்குப் பழகியதுதான். ஆசிரியை ஒரு துண்டு வாசிப்பார், நாங்கள் திருப்பி வாசிப்போம். தாளைப் பார்க்க அனுமதியில்லை. கல்லிடைக்குறிச்சியில் பாட்டு மாமியிடம் கீர்த்தனைகளைப் பாடம் செய்ததும் இப்படித்தான். ஐரிஷ் மெட்டுகள் சிறியவை. பெரும்பாலும் இரண்டே பகுதிகள், ஒவ்வொன்றும் எட்டு 'பார்' (நம் தாள ஆவர்த்தனம் போன்ற அளவு) நீளம், இருமுறை வாசிக்க வேண்டும். ஒரு மாலையில் ஒரு மெட்டு ஓரளவு கைக்கு வந்துவிடும். கடைசியில் ஆசிரியை அதை நிதானமாக வாசிக்க, கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளலாம்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் இரண்டு மூன்று வாரம் திண்டாடுவார்கள். சம்மணமிட்டு, வயலினின் நுனியைக் கணுக்காலில் ஊன்றிப் பழகிய நாம், நாற்காலியில் அமர்ந்து தாடையில் இடுக்கிக்கொள்ள வேண்டும். அதைவிடத் தொல்லை சுருதி. நம் வயலினின் நடுத் தந்திகள் இரண்டுக்கும் இடையில் ப-ஸ தூரம். இங்கே அடுத்தடுத்த தந்திகள் எல்லாமே ஸ-ப தூரம். தந்தி மாறும்போதெல்லாம் விரல் பழைய இடத்துக்கே ஓடுகிறது. 'ஜிக்' என்ற ஆட்ட மெட்டைத் திஸ்ர நடையாக, மும்மூன்றாக எண்ணிக்கொண்டால் கணக்கு பிடிபட்டுவிடும். ஆட்டத்துக்கான அந்தத் துள்ளல் மட்டும் அவ்வளவு சுலபத்தில் வராது. பழக்கதோஷத்தில், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் நுழைந்தால் ஆசிரியை சிரித்தபடி, "அழகுதான், ஆனால் இதில் வேண்டாம்" என்கிறார். மேலும் கீழும் விரலால் சட்டென்று தட்டித் திரும்பும் 'ரோல்'தான் இங்கே அலங்காரம்.

எங்கள் ஆசிரியையுடையது அயர்லாந்தின் வடமேற்கு மாவட்டமான டோனகலின் பாணி: குட்டை குட்டையான வில்வீச்சு, பெரும்பாலும் ஸ்வரத்துக்கு ஒன்று. பிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் 1920களில் நியூயார்க்கில் பதிவுசெய்த, ஸ்லைகோ மாவட்டத்துப் பாணி இசைத்தட்டுகளைக் கேட்டு மயங்கியவர்களுக்கு இது கரடுமுரடாகத் தோன்றலாம். எனக்கு அந்தக் கரடுமுரடே பிடித்திருக்கிறது. எந்தப் பாணி என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

குழுவாகப் படிப்பதன் பலன், தவறிய பிறகு தெரியும். நீங்கள் விட்டாலும் மெட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த துண்டில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். மதுக்கூடங்களில் எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும் 'செஷன்'களுக்கு இதுதான் தேவை. கிளேர் மாவட்டத்து மில்டவுன் மால்பேயில் 1973இல் தொடங்கிய, ஐரிஷ் இசைக்கான வில்லி கிளான்சி கோடைப் பள்ளியிலும் காலையில் குழு வகுப்பு, இரவில் செஷன் என்றுதான் ஜூலை வாரம் போகிறது.

குறைகளும் உண்டு. சுருதி சேர்ப்பதிலேயே முதல் கால்மணி நேரம் கரைகிறது. ஆள் குறைந்தால் இரண்டு நிலைகளை ஒரே அறையில் அடைத்துவிடுகிறார்கள். தேர்ந்தவர்கள் கொட்டாவி விட, புதியவர்கள் வியர்க்கிறார்கள். தவறவிட்ட வகுப்புக்கு ஈடு கிடையாது. நாற்காலிகள் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கானவை, முழங்கால் வலிக்காரர்கள் யோசிக்கவும்.

வயலின் வாடகைக்குக் கிடைக்கிறது. தோள்தாங்கி அதில் சேராது. அதைக் கடையில் வாங்கிக்கொண்டு போங்கள்.