பேஸ் கிட்டார் ஸ்ட்ரிங் ஒன்லைனில் வாங்குகிறவர்களே, என் 16,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "போனது போகட்டும் விடு" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு நானும் விட்டுவிடுவேன். மலையகத்தில் பேண்ட் வைத்திருக்கிற தம்பிமார், கோயில் திருவிழாவிலும் சர்ச்சிலும் பேஸ் வாசிக்கிறவர்கள் கட்டாயம் படியுங்கள். நாலே நாலு கம்பிக்கு 16,500 ரூபாய் கொடுத்து ஏமாற்றப்பட்டிருக்கிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்தது.

நான் ஹட்டன் பக்கம். இங்கே ஆறு கம்பி கிட்டாருக்கு ஸ்ட்ரிங் தேடினால் கிடைத்துவிடும், பேஸுக்குக் கிடைப்பது கஷ்டம். கண்டிக்குப் போக வேண்டும், அங்கேயும் இல்லையென்றால் கொழும்பு. அதனால்தான் கொழும்பில் இருந்து இசைக்கருவிச் சாமான் விற்கிற ஓர் ஒன்லைன் கடையில் கேட்டேன். பெயர் போடவில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. என் பேஸுக்குப் புது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்) போட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஃப்ரெட் கம்பி பெரும்பாலும் செம்பு, நாகம், நிக்கல் கலந்த உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட மென்மையானது. அதன் மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுற்றிய ரவுண்ட்வவுண்டை, அதாவது உருண்டைக் கம்பி சுற்றிய ஸ்ட்ரிங்கைப் போட்டால் சத்தம் பளிச்சென்று வரும், ஆனால் ஃப்ரெட்டைச் சீக்கிரம் அராவிவிடும். தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் என்றால் ஃப்ரெட் பிழைக்கும். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960களில் மோட்டவுன் இசை நிறுவனப் பதிவுகளில் வாசித்த அந்த அடங்கிய, உருண்ட சத்தம் ஃப்ளாட்வவுண்டில் வந்ததுதான். எனக்கு உயிர் அந்தச் சத்தம். ஆனால் தேர்த் திருவிழா மேடையில் தவிலும் டிரம்ஸும் போடுகிற போட்டில் அது அமுங்கிப்போகும். ஆகவே நடுவழி: நிக்கல் பூசிய ரவுண்ட்வவுண்ட், தடிப்பு 45 முதல் 105 வரை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு), 34 அங்குல ஸ்கேலுக்கு (கம்பி அதிர்கிற நீளம்). இதை அப்படியே எழுதி அனுப்பினேன்.

கடையிலிருந்து ஒருவன் போன் பண்ணினான். நல்ல தமிழ். "அண்ணே, நீங்க விரலால வாசிக்கிறீங்களா, பிக்காலயா?" என்று கேட்டான். எந்தக் கடையில் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்? ட்யூனிங் என்ன, ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரம் (அக்ஷன்), எல்லாம் விசாரித்தான். ஹட்டன் என்றதும், "அட, எங்கம்மா ஊர் கொட்டகலை அண்ணே. தோட்டத்துப் பிள்ளைங்க காசு சேர்க்கிற கஷ்டம் எனக்குத் தெரியாதா? உங்களுக்குப் போய் டூப்ளிகேட் குடுப்பேனா?" என்றான். அப்புறம் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு செட்டைப் பிரித்து, கம்பியில் காந்தத்தை வைத்துக் காட்டுகிறான். "பாருங்க அண்ணே, ஒட்டுது. ஒரிஜினல் நிக்கல்."

அந்தக் காந்த வித்தையைத்தான் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். எலெக்ட்ரிக் பேஸ் ஸ்ட்ரிங் எதுவானாலும் காந்தம் ஒட்டும். இரும்புச் சத்து இல்லாவிட்டால் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தப் பிக்கப்புக்குச் சத்தமே ஏறாது. ஒரிஜினலிலும் ஒட்டும், போலியிலும் ஒட்டும். அது எதற்கும் அத்தாட்சி இல்லை. தெரிந்தே அதைக் காட்டி நம்ப வைத்தான்.

"இம்போர்ட் சாமான், பொருள் கையில் கிடைத்த பிறகு காசு கொடுக்கிற முறை இதுக்கு இல்லை" என்றதால் 16,500 ரூபாயையும் வங்கியில் போட்டேன். அது திருவிழாக்களில் இரா முழுக்க விழித்து வாசித்துச் சேர்த்த காசு. எங்கள் அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் பார்த்தால் 16,500 ரூபாய் என்பது பன்னிரண்டு முழுப் பேருக்கும் (முழு நாள் வேலைக்கும்) மேல். மழை நாளில் அரைப்பேர் விழுந்தால் இன்னும் கூடும்.

பார்சல் வந்தது. பெட்டி, உறை, அச்சு எல்லாம் ஒரிஜினல் மாதிரிதான். மாட்டிய அன்றே, நாலில் மிகத் தடித்த ஈ ஸ்ட்ரிங் தொளதொளவென்று கிடந்தது. ஓங்கித் தட்டினால் ஃப்ரெட்டில் மோதிக் கடகடக்கிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு எடுக்கிற ஹார்மோனிக் ஒரு சுருதி, அழுத்தினால் வேறு சுருதி; இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பி உட்காருகிற சேடிலை முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் சேரவில்லை. சுற்று ஒரே சீராக இல்லாத கம்பி சுருதியில் நிற்காது.

எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருக்கிற மாமாவிடம் கொண்டுபோனேன். மைக்ரோமீட்டரைத் துடைத்து, ஈ ஸ்ட்ரிங்கை மூன்று இடத்தில் பிடித்துப் பார்த்தார். 105 என்றால் 0.105 அங்குலம், 2.67 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஓரிடத்தில் 2.45, இன்னோரிடத்தில் 2.50, கீழே 2.42. "இது என்ன மருமகனே, ஒரு பக்கம் தடிப்பு ஒரு பக்கம் மெலிவு" என்றார். ஒரே நீளம், ஒரே சுருதி என்றால் கம்பியின் எடை குறைகிற அளவுக்கு டென்ஷனும் குறையும். தடிப்பு கொஞ்சம் குறைந்தாலே எடை ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு குறையும். 2.67 எங்கே, 2.45 எங்கே? இறுக்கத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு காணாமல் போகிறது. தொளதொளக்காமல் என்ன செய்யும்?

அதோடு விட்டதா? சில வாரங்களிலேயே நிக்கல் பூச்சு உரிந்து, உள்ளே வெறும் இரும்பு துருவேறியது. அந்தச் சொரசொரப்பு ஃப்ரெட்டைத் தின்றுவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட்டில், ஈ, ஏ ஸ்ட்ரிங் இரண்டும் படுகிற இடத்தில் பள்ளம். நகத்தால் வருடினால் நகம் மாட்டுகிறது. புது ஃப்ரெட்! அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

போன் பண்ணினால் முதலில் "உங்க ஊர் பனி, ஈரம் அண்ணே" என்றான். இதே வீட்டில், இதே பனியில், முன்பு போட்டிருந்த செட் மாதக்கணக்கில் துரு இல்லாமல் இருந்தது. அடுத்து "கை வேர்வை". அடுத்து "நெக் வளைஞ்சிருக்கும், செட்-அப் பண்ணுங்க". மைக்ரோமீட்டர் படத்தை அனுப்பியதும் "அண்ணே" போய் "சேர்" ஆனேன். "சேர், உறை பிரித்தால் மாற்ற முடியாது." பிரிக்காமல் எப்படி மாட்டிப் பார்ப்பது? பிறகு "மெனேஜர் வெளியூரில்". பிறகு பார்த்ததற்கு நீல அடையாளம் மட்டும், பதில் இல்லை. கடைசியில் நம்பரையே ப்ளொக் பண்ணிவிட்டான். கொட்டகலை அம்மாவின் பிள்ளை!

சரி, சொன்னபடி. பில் தராத இடத்தில் வாங்காதீர்கள். எனக்கு வந்தது ஒரு துண்டுச் சீட்டு, அதில் கடை முகவரி கூட இல்லை. முழுக் காசையும் முன்கூட்டிப் போடாதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். மாட்டுவதற்கு முன் ஃபெக்டரியில் யாரையாவது பிடித்துத் தடிப்பு அளந்துவிடுங்கள், மாட்டிய பின் துரு தெரிந்தால் அந்த நிமிடமே கழற்றுங்கள், ஃப்ரெட்டாவது மிஞ்சும். காந்தம் காட்டினால் போனை வைத்துவிடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு சொல்லலாம், நான் சொல்லியாயிற்று. 16,500 ரூபாய் வருமோ வராதோ, விடுவதாக இல்லை.

இன்று காலை அந்தக் கடையின் பக்கத்தைப் பார்த்தேன். அதே பெட்டி, அதே படம். விலையை மட்டும் 17,900 ஆக்கியிருக்கிறார்கள். கீழே பண்டாரவளைப் பையன் ஒருவன் "ஸ்டொக் இருக்கா அண்ணே?" என்று கேட்டிருந்தான். வேண்டாம் என்று அவனுக்குத் தனியாக மெசேஜ் போட்டுவிட்டேன். இதைப் படிக்கிறவர்களும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.