15 நிமிடம் 5 ஆனது: முத்தியால்பேட்டை பந்தய சிமுலேட்டர் கூடம்

கடலூரில் வீல் அலைன்மென்ட் கடை நடத்துகிறேன். சனிக்கிழமை மாலை 5 மணிக்குக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் புதுச்சேரி பஸ் ஏறிவிடுவேன். தவளக்குப்பத்திலும் அரியாங்குப்பத்திலும் நெரிசலில் நின்று நின்று, முத்தியால்பேட்டை போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கே ஒரு வீட்டின் மாடியில், திரையைப் பார்த்தபடி பந்தயக் கார் ஓட்டும் சிமுலேட்டர் கூடத்துக்கு எட்டு மாதங்களாகப் போய்வருகிறேன். நல்ல இடம். ஆனால் மார்ச் மாதத்திலிருந்து அங்கே போட்டிக்கு முன் பழகும் நேரத்தில் ஒரு தவறு நடந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் கருவிகள். மொத்தம் நான்கு இருக்கைகள். ஸ்டீயரிங் நேரடியாக மோட்டாரின் தண்டிலேயே பொருத்தப்பட்டது. இடையில் பெல்ட் கிடையாது. முன் டயர் பிடிப்பை இழக்கும் கணத்தில் ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடுகிறது. நாள் முழுவதும் பிறர் வண்டிகளின் ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பழகிய கை என்பதால் சொல்கிறேன், அந்த உணர்வு பொய் இல்லை. பிரேக் இன்னும் சிறப்பு. லோடு செல் வைத்த பெடல். கால் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்காமல், எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்று அளக்கிறது. பஹ்ரைனின் சாகிர் தடத்தில் பத்தாவது வளைவு இருக்கிறதே, அங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். எடை முழுவதும் வலப்பக்கம் சாய்ந்துவிட, உள்பக்கத்து இடது முன்சக்கரம் உருளாமல் பூட்டிக்கொள்ளும். உண்மையான ஓட்டுநர்களே அங்கே புகை கிளப்புகிறார்கள். இந்தப் பெடலில் அதைக் காலாலேயே கண்டுபிடித்து, மிதியைச் சற்றுத் தளர்த்திச் சக்கரத்தை மீட்க முடிகிறது. அரை மணி நேரத்துக்கு 250 ரூபாய் இதற்கு நியாயமான விலை.

ஏசி போதவில்லை. வண்டி நிறுத்த இடம் இல்லை. கீழே டீக்கடை இருக்கிறது.

கூடத்தின் உயிர் சனிக்கிழமை இரவுப் போட்டிதான். கட்டணம் 400 ரூபாய், 7 மணிக்குத் தொடக்கம், பதினொரு பேர். நான் சேர்ந்த புதிதில், 2016இல் பார்முலா 1 கார்ப் பந்தயம் தன் தகுதிச் சுற்றில் (பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று முடிவுசெய்யும் ஓட்டம்) முயன்று பார்த்த முறையை உரிமையாளர் கொண்டுவந்தார்: 90 வினாடிக்கு ஒருமுறை, நேரப் பட்டியலில் கடைசியில் இருப்பவர் வெளியே. அந்த ஆண்டு மெல்பர்னில் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். சுற்றின் நடுவிலேயே ஓட்டுநர்கள் நீக்கப்பட்டார்கள். கடைசி நிமிடங்களில் தடமே வெறிச்சோடிக் கிடந்தது. இரண்டே பந்தயங்களில் அதைக் கைவிட்டார்கள். முத்தியால்பேட்டையிலும் இரண்டே வாரங்கள்தான். நான்கு இருக்கைகளை வைத்துக்கொண்டு, காத்திருப்பவரையும் கடிகாரம் வெளியே தள்ளினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? சொன்னவுடன் மாற்றினார். அதனால்தான் இப்போதும் இவ்வளவு நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

2026 பருவம் தொடங்கியதும் புதிய முறை வந்தது. கேடிலாக் அணி சேர்ந்ததால் பார்முலா 1இல் இப்போது 22 கார்கள். தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் ஆறு பேர், இரண்டாவதில் ஆறு பேர் விலக, பத்துப் பேர் இறுதிப் பகுதிக்குப் போகிறார்கள். அதைச் சரிபாதியாக்கிப் பதினொரு பேரில் மூவர், பிறகு மூவர், மீதம் ஐவர் என்று உரிமையாளர் வகுத்தது அழகு. அந்த ஐவரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே ஒரு சுற்று ஓட்ட வேண்டும். 2003இல் பார்முலா 1 தகுதிச் சுற்று அப்படித்தான் நடந்தது. மற்றவர்கள் எல்லோரும் பின்னால் நின்று பார்ப்பார்கள். அந்த அமைதியில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போது எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

ஆனால் இதே மாற்றத்தில், போட்டிக்கு முந்தைய சோதனை ஓட்டத்தை 15 நிமிடத்திலிருந்து 5 நிமிடமாக வெட்டிவிட்டார். சாகிரில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். முன்பு ஒன்பது சுற்றுகள் கிடைத்தன: இருக்கை, பெடல் சரிசெய்ய இரண்டு, நிறைய எரிபொருளோடு டயர் எப்படித் தேய்கிறது என்று பார்க்க நான்கு, கடைசி மூன்று வேகத்துக்கு. இப்போது மூன்றே சுற்றுகள். இருக்கையை நகர்த்தி முடிப்பதற்குள் ஒன்று போய்விடுகிறது.

பார்முலா 1 அமைப்பு செய்தது இதற்கு நேர் எதிர். 2025இல் பருவத்துக்கு முந்தைய சோதனை பஹ்ரைனில் மூன்றே நாள்கள். ஓர் அணிக்கு ஒரு கார், அதையும் இரண்டு ஓட்டுநர்கள் பங்கிட வேண்டும். 2026இல் இன்ஜின், மின்சக்தியின் பங்கு, இறக்கைகள் எல்லாமே மாறின. அதனால் பார்சிலோனாவில் ஓர் அணிக்கு மூன்று நாள்கள், பஹ்ரைனில் இருமுறை மும்மூன்று நாள்கள் என ஒன்பது நாள்கள் கொடுத்தார்கள். விதி பெரிதாக மாறினால் பழக நேரமும் கூட வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று? நம் கூடத்தில் தகுதிச் சுற்று விதியை எடுத்துக்கொண்டு சோதனையை மூன்றில் ஒரு பங்காக்கிவிட்டோம்.

சோதனை இல்லாமல் தகுதிச் சுற்றுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை 2011இல் மெல்பர்னில் கண்ணால் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் அன்று ஹெச்ஆர்டி அணியில் இருந்தார். அந்த அணியின் புதிய கார் பருவத்துக்கு முந்தைய சோதனையில் ஒரு சுற்றுகூட ஓடவில்லை. தகுதிச் சுற்றின் முதல் பகுதியின் மிகச் சிறந்த நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வந்தால்தான் பந்தயத்தில் ஓடலாம் என்ற விதி அந்த ஆண்டுதான் திரும்ப வந்திருந்தது. அதாவது சிறந்த நேரம் 90 வினாடி என்றால் 96.3 வினாடிக்குள் முடிக்க வேண்டும். அவராலும் அவருடைய அணித் தோழராலும் முடியவில்லை. அடுத்த ஆண்டும் அதே ஊர், அதே முடிவு. அதை அவருடைய திறமைக்குறைவு என்று பேசியவர்கள்மீது எனக்கு இன்றும் கோபம் இருக்கிறது. அலைன்மென்ட் பார்க்காத வண்டியைக் கையில் கொடுத்துவிட்டு, நேராக ஓட்டவில்லை என்று ஓட்டுநரைக் குறை சொல்வதா?

போன மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பையன் புதிதாக வந்தான். ஐந்து நிமிடத்தில் இரண்டு முறை முதல் வளைவிலேயே வெளியே போனான். முதல் மூவரில் ஒருவனாக நீங்கினான். நானூறு ரூபாய் கட்டியவன் பிறகு வரவேயில்லை. வார நாள்களில் வந்து பழகும் உள்ளூர் மாணவர்கள்தான் இப்போது இறுதி ஐவர். அவர்கள்மேல் குறை இல்லை, நன்றாகவே ஓட்டுகிறார்கள். ஆனால் அங்கே அளக்கப்படுவது யார் வேகமானவர் என்பது அல்ல, யாருடைய வீடு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான்.

உரிமையாளரிடம் கேட்டேன். “கீழ்வீட்டில் சத்தம் என்கிறார்கள், 10 மணிக்குள் முடிக்க வேண்டும் அண்ணா” என்றார். நியாயமான காரணம். நான்கு நான்கு பேராக மூன்று தடவை உட்கார வேண்டும். தடவைக்குப் பத்து நிமிடம் குறைத்ததில் அவருக்கு மிச்சமானது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை முன்பக்கத்தில் சேர்க்கலாமே? 6.30க்குத் தொடங்குங்கள் தம்பி. நான் நாலரை மணி பஸ்ஸில் ஏறிவிடுகிறேன்.