ரிக்கில் விரல் போனால் "கதவில் மாட்டியது" என்று சொல்லாதீர்கள்

நரிமணம், குத்தாலம் பக்கம் எண்ணெய்க் கிணறுகளில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நான் ஏமாந்த மாதிரி நீங்கள் ஏமாறக் கூடாது.

2021-இல் ஒரு ஒர்க்ஓவர் ரிக்கில், அதாவது பழைய கிணற்றைப் பழுதுபார்க்கும் கோபுர இயந்திரத்தில், இருந்தேன், வயது 30. இரவு ஷிஃப்டில் கிணற்றிலிருந்து டியூபிங் குழாய்களை உருவிக்கொண்டிருந்தோம். குழாயைப் பிடித்துத் திருகும் பெரிய இடுக்கியான டாங்ஸைக் குழாயில் மாட்டும்போது என் கை கைப்பிடியில் இல்லை, அதன் தாடைக்குப் பக்கத்தில் இருந்தது. போட்டிருந்ததோ நைந்துபோன துணிக் கையுறை. புதுசு கேட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. டாங்ஸ் இறுகியதில் வலது ஆள்காட்டி விரல் அடியோடு போய்விட்டது.

அதைவிட ஆறாதது அதற்கடுத்த ஒரு மணி நேரம். என்னை வண்டியில் ஏற்றிப்போன சூப்பர்வைசர் வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார்: "தம்பி, ரூம் கதவில் மாட்டியதுன்னு சொல்லிடு. ரிக்குன்னா கேஸாகும், எல்லாருக்கும் வேலை போயிடும். செலவை நாங்க பார்த்துக்கறோம்." நான் தலையாட்டினேன். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் கதவுதான் ஏறியது.

ஏன் அப்படிக் கெஞ்சினார் என்பது பின்னால்தான் புரிந்தது. எண்ணெய்க் கிணறு அப்போது 1952 சுரங்கச் சட்டத்துக்குள் வந்தது. அதன்படி உடலில் ஒரு பாகம் போனால் அது கடுங்காயம், சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டியிருந்தது. கதவில் நசுங்கியது என்றால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வாரம் கழித்துக் காண்ட்ராக்டர் வீட்டுக்கே வந்தார். 40,000 ரூபாயைக் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கினார். கட்டுப்போட்ட கையோடு இடது கையால் போட்டேன். அதோடு கதை முடிந்தது என்று மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

முடியவில்லை என்று 2024-இல் ஒரு தொழிற்சங்க அண்ணன் சொல்லித்தான் தெரியும். அப்போது நடப்பில் இருந்த 1923 ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி, உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தமே செல்லாது. கணக்கை அவர் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். மாதச் சம்பளம் 15,000 வரை எடுத்துக்கொள்வார்கள். அதில் 60 விழுக்காடு 9,000. முப்பது வயதுக்குச் சட்டம் வைத்திருந்த பெருக்கும் எண் (காரணி) 207.98. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 விழுக்காடு இழப்பு. பெருக்கினால் 2,62,054 ரூபாய். மருத்துவச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டி, அதற்கு மேல் பாதித் தொகை வரை அபராதமும் போடலாம். கட்டைவிரல் என்றால் 30 விழுக்காடு. காண்ட்ராக்டர் கைவிரித்தால், வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனத்திடமே கேட்கலாம்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆனால் இரண்டு வருடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் ஆணையர் மன்னிக்கலாம் என்பதால் மனு போட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டியது அந்தக் கதவுப் பதிவைத்தான்.

அதனால் சொல்கிறேன். எவ்வளவு வலித்தாலும் டாக்டரிடம் ரிக், டாங்ஸ், நேரம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்குங்கள். கூட இருந்தவர்களின் பெயரையும் நம்பரையும் அன்றே எழுதி வையுங்கள். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் வழி வேறு, அந்த அலுவலகத்துக்குப் போங்கள். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. அதற்குப் பின் அடிபட்டவர்கள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புது விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், என்னைப் போலத் தள்ளிப் போடாமல்.

என் வழக்கில், அன்றிரவு டாங்ஸின் மறுபக்கம் நின்ற பையன் சாட்சிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். இப்போது அவன் வேறு காண்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறான். அடுத்த வாய்தாவுக்கு லீவு கிடைத்தால் வருவான்.