கிளியரிங்ஹவுஸ் பதிவைப் புதுப்பிக்கலாமா?

டாட் காம் போன்ற டொமைன் நீட்சிகளில் புதியவற்றுக்கான அடுத்த விண்ணப்பச் சுற்றை, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 2026-க்கு அறிவித்ததிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. டிரேட்மார்க்குகளைச் சரிபார்த்துப் புதிய நீட்சிகளில் பாதுகாக்க உதவும் மையப் பதிவேடான டிரேட்மார்க் கிளியரிங்ஹவுஸ் 2013-இல் தொடங்கியது, ஒரு டிரேட்மார்க்குக்கு ஆண்டுக்கு 150 டாலர். பல ஆண்டு பயன்படுத்திய பிறகு சொல்வது இது.

முதலில் நல்லது. ஒருமுறை சரிபார்த்துவிட்டால் கிடைக்கும் எஸ்எம்டி கோப்பு (டிரேட்மார்க்குக்கான டிஜிட்டல் சான்று) எல்லாப் புதிய நீட்சிகளுக்கும் செல்லும். சன்ரைஸ் காலத்தில், அதாவது டிரேட்மார்க் உரிமையாளர்களுக்கு மட்டும் முதலில் திறக்கும் காலத்தில், அதைப் பதிவேற்றினால் பொதுமக்களுக்குத் திறக்கும் முன்பே உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு நீட்சிக்கும் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். உண்மையிலேயே அருமையான ஏற்பாடு.

சன்ரைஸுக்குப் பயன்பாட்டுச் சான்று கட்டாயம். பொருளின் லேபிளோ விளம்பரத் துண்டோ கொடுங்கள். விசிட்டிங் கார்டு செல்லாது. விண்ணப்ப நிலையில் இருக்கும் டிரேட்மார்க்கையும் ஏற்பதில்லை.

ஆத்திரம் வருவது ஒரே இடத்தில்: அச்சு அசலாக அதே பெயர் என்றால் மட்டுமே பாதுகாப்பு. 'நிலா' என்று பதிந்திருந்தால் 'நிலாலாகின்', 'நிலா-சப்போர்ட்' ஆகியவற்றை எவர் வாங்கினாலும், 'இது பதிவான டிரேட்மார்க்' என்ற எச்சரிக்கை அவருக்குப் போகாது. ஓர் எழுத்தை இரட்டித்தாலும் அதே கதை. மோசடிக்காரர்கள் எடுப்பதோ பெரும்பாலும் இப்படிப்பட்ட பெயர்களைத்தான்! முன்பு துஷ்பிரயோகம் ஆன வடிவங்களை, ஒரு டிரேட்மார்க்குக்கு 50 வரை, சேர்க்கலாம். ஆனால் அதற்கு யூடிஆர்பி (டொமைன் தகராறுகளுக்கான நடுவர் முறை) தீர்ப்போ நீதிமன்றத் தீர்ப்போ காட்ட வேண்டும். ஏற்கெனவே அடிபட்டு, வழக்காடி, வென்றவருக்கு மட்டும் என்றால் மற்றவர் என்ன செய்வது? அப்படிச் சேர்த்தாலும் எச்சரிக்கை மட்டும்தான், சன்ரைஸ் உரிமை இல்லை.

எச்சரிக்கையும் தடை அல்ல. வாங்குபவர் அதைப் படித்து ஒப்புக்கொண்டுவிட்டால் பதிவு நடந்துவிடும்; உங்களுக்குத் தகவல் வருவது அதற்குப் பிறகு. பிறகு யூஆர்எஸ் என்ற விரைவுப் புகார் முறைக்குப் போகலாம்: 500 சொல்லுக்குள் புகார், பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 14 நாள். வென்றாலும் டொமைன் முடக்கப்படுமே தவிர உங்கள் பெயருக்கு மாறாது. பதிவுக்காலம் முடிந்ததும் மீண்டும் சந்தைக்கு வரும். பெயரே வேண்டுமென்றால் யூடிஆர்பிதான். உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒற்றை நடுவர் என்றால், 5 டொமைன் வரை 1,500 டாலர்.

இவ்வளவு குறை சொல்லியும் புதுப்பியுங்கள் என்றே சொல்வேன், ஓராண்டுக்கு மட்டும். ஐந்தாண்டுக்கு மொத்தமாகக் கட்ட மனம் வரவில்லை. மிச்சப் பணத்தில் உங்கள் பெயரோடு 'லாகின்', 'பே' சேர்ந்த வடிவங்களை முக்கிய நீட்சிகளில் நீங்களே வாங்கி வையுங்கள். புதுப்பித்ததும் எஸ்எம்டி கோப்பை மறக்காமல் மீண்டும் இறக்கிக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே காலாவதித் தேதி இருக்கிறது. பழைய கோப்போடு போனால் சன்ரைஸ் விண்ணப்பம் அங்கேயே திரும்பிவிடும்.