இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர்: ஐந்து பேர் உள்ள வீட்டில் அது உழைக்கும் விதம்

வாரத்தில் இரண்டு முறை மாவாட்டும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு, மூன்று உருளைக்கல் பொருத்திய 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் தாராளமாகப் போதும். திருச்சியில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில், மாமியார், கணவர், பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள் ஆகியோருடன் வாழும் நான், சில ஆண்டுகளாக இந்த இயந்திரத்தைப் பயன்படுத்தி வருகிறேன். ஏறக்குறைய ஒரே அமைப்பில் பல நிறுவனங்கள் இதைத் தயாரிப்பதால், பெயர்ப்பலகையை விட்டுவிட்டு அமைப்பையும் உழைப்பையும் மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். கடையில் விற்பனையாளர் சொல்லும் சிறப்புகளில் பாதி அன்றாடப் பயன்பாட்டில் பொருட்டே ஆவதில்லை. அவர் சொல்லாமல் விடும் சில செய்திகள்தான் அந்த இயந்திரம் அடுப்படி மேடையில் நிலைக்குமா, பரணுக்குப் போகுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

எங்கள் வீட்டுக் கிரைண்டரும், தமிழ்நாட்டில் விற்கும் பெரும்பாலான கிரைண்டர்களைப் போலவே, கோயம்புத்தூரில் தயாரானது. 1955-இல் பி. சபாபதி அங்கே மின்சாரத்தில் இயங்கும் முதல் கிரைண்டரை உருவாக்கினார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. மோட்டார் தொழிலும் வார்ப்புத் தொழிலும் ஏற்கெனவே வேரூன்றியிருந்த ஊர் அது. கருங்கல்லுக்கும் ஊத்துக்குளிப் பக்கம் போனால் போதும் என்பதால் இந்தத் தொழில் அங்கேயே தழைத்தது. 2005-06-இல் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடும் பெற்றது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, அதுவரை ஆட்டுக்கல்லையும் தெருமுனை மாவுக் கடையையும் நம்பியிருந்த எத்தனையோ வீடுகளுக்குள் இந்தச் சிறிய இயந்திரம் நுழைந்தது. வீட்டுப் பெண்களின் தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் எவ்வளவு பெரிய சுமையை அது இறக்கி வைத்தது என்பதை, ஆட்டுக்கல்லில் மாவாட்டிய தலைமுறையைக் கேட்டால்தான் தெரியும். என் மாமியார் இன்றும் கிரைண்டர் ஓடும்போது அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே வேண்டிய வேலையாக இது மாறிவிட்டதே என்று மனதார மகிழ்வார்.

ஆட்டுக்கல்லில் உரல் நிலையாக நிற்க, குழவியைக் கையால் சுற்றினோம். டேபிள் டாப்பில் கருங்கல் அடிப்பாகம் கொண்ட எவர்சில்வர் பாத்திரம் சுற்றுகிறது. நடுத்தண்டில் கோத்த கூம்பு வடிவ உருளைக்கற்கள் அதன்மேல் உருண்டு ஓடுகின்றன. பாத்திரம் சுற்றும் வேகம் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளைக்கூட எட்டாது. மிக்சியின் கத்தியோ நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுகளுக்கும் மேல் சுழல்கிறது. மிக்சி உளுந்தை வெட்டுகிறது, கூடவே சூடேற்றுகிறது; கிரைண்டர் நசுக்கி, மடித்து, காற்றை உள்ளே சேர்த்துக்கொண்டே போகிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றி மிக்சியில் அரைத்தும் நல்ல இட்லி சுடுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு அது போதுமானதும்கூட. ஆனால் ஒரு டம்ளர் உளுந்து எவ்வளவு மாவாகக் காணும் என்ற கணக்கில் மிக்சி கிரைண்டருக்கு அருகில் வர முடியாது.

நான்கு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் முழு வெள்ளை உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்பதே எங்கள் வீட்டு அளவு. முதலில் உளுந்தையும் வெந்தயத்தையும் போட்டு, ஊறிய தண்ணீரையே சிறிது சிறிதாகத் தெளித்து அரைக்க 25 முதல் 30 நிமிடம் ஆகிறது. முதல் பத்து நிமிடத்தில் உளுந்து பாத்திரத்தின் அடியிலேயே கிடக்கும். கற்கள் கடகடவென்று ஒலிக்கும். பிறகு அந்த ஒலி மெல்ல அடங்கி, மாவு உருளைகளைச் சுற்றிப் படர்ந்து, பாத்திரத்தின் பாதிக்கும் மேலாக எழும்பி வரும். அந்த நேரத்தில் ஒரு துளி மாவை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டால் மூழ்காமல் மிதக்க வேண்டும். இந்தச் சோதனை எங்கள் இளைய மகளின் பொறுப்பு. துளி மிதந்துவிட்டால் அவள் கூடத்துக்கு ஓடிச்சென்று அறிவித்துவிட்டு வருவாள். அதன் பிறகே உளுந்தை வழித்தெடுப்போம். அரிசியைத் தனியாக, ரவைப் பதத்துக்குச் சற்று மென்மையாக, 20 நிமிடத்துக்குள் அரைத்துவிடலாம்.

அரைத்து முடித்த மாவில் கை வைத்தால் குளிர்ச்சி மாறாமல் இருப்பதுதான் இந்த இயந்திரத்தின் முதல் சிறப்பு. “கை வெச்சுப் பாரும்மா, துளிகூடச் சூடு ஏறல” என்று மாமியார் ஒவ்வொரு முறையும் சொல்வார். உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் லியூகோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் இரவில் பெருகிக் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. நன்றாக அரைபட்ட உளுந்தின் வழவழப்பு அந்த வாயுக் குமிழ்களை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. மாவு பொங்குவதும் இட்லி மெத்தென்று வருவதும் இதனால்தான். சித்திரை, வைகாசி மாதங்களின் திருச்சி வெயிலில் ஆறு மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும். ஆகவே பாத்திரத்தில் பாதியளவுக்குமேல் ஊற்றாமல், அடியில் ஒரு தாம்பாளத்தையும் வைத்துவிட வேண்டும். கிரைண்டர் மாவு பொங்கும் உயரத்தை மிக்சி மாவுக் கணக்கில் அளந்தால், விடியற்காலையில் மேடை முழுக்க மாவு வழிந்து, ஐந்து பேரும் ஆளுக்கொரு துணியோடு நிற்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு காலைப்பொழுதை எங்கள் வீடும் பார்த்திருக்கிறது. அன்றைக்குப் பிள்ளைகள் மேடையைத் துடைத்த உற்சாகத்தை வேறெந்த வேலையிலும் நான் கண்டதில்லை.

2 லிட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் பாத்திரத்தின் மொத்தக் கொள்ளளவு என்றுதான் கொள்ள வேண்டும். மேலே சொன்ன நான்கு டம்ளர் அரிசியை ஒரே முறையில் போட்டால் விளிம்புவரை வந்து மூடியில் தெறிக்கிறது. இரண்டு பங்காகப் பிரித்து அரைப்பதே நல்லது. விருந்தினர் வரும் நாள்களில் இதனால் கூடுதலாக அரை மணி நேரம் செலவாகும். மின்சாரச் செலவைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை. 150 வாட் மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கைத் தொடாது.

வடை மாவுக்கு இதன் உழைப்பு வேறு விதமானது. தண்ணீரே சேர்க்காமல் கைப்பிடி கைப்பிடியாக உளுந்தைப் போட்டு, மாவு நின்றுவிடும்போது மட்டும் தெளித்துக்கொண்டு, பக்கத்திலிருந்து நகராமல் ஆட்ட வேண்டும். போன ஆடிப்பெருக்கன்று, கலந்த சாதங்களெல்லாம் கட்டி முடித்து, காவிரிக்கரைக்குக் கிளம்பும் முன் வடை மட்டும் பாக்கி என்றிருந்த நேரத்தில் பாதியில் மின்சாரம் நின்றது. அது திரும்பி வந்ததும் விசையைப் போட்டால் பாத்திரம் நகரவில்லை. மோட்டார் உறுமியதே ஒழியச் சுற்றவில்லை. கெட்டி மாவில் புதைந்த கற்களோடு நின்ற நிலையிலிருந்து கிளம்ப, சிறிய மோட்டாருக்குப் பலம் போதாது. அந்த நிலையில் தொடர்ந்து விசையைப் போட்டால் பெல்ட் வழுக்கித் தேயும், மோட்டாரின் சுருளும் சூடாகும். கணவர் உருளைக்கற்களைத் தண்டோடு தூக்கிப் பிடிக்க, மூத்த மகன் விசையைப் போட, பாத்திரம் சுற்றத் தொடங்கியதும் கற்களை மெல்ல இறக்கினோம். சிக்கலில்லாமல் ஓடியது, வடையும் படித்துறைக்கு வந்து சேர்ந்தது. மின்வெட்டு அடிக்கடி வரும் பகுதியில் இருப்பவர்கள் இந்த முறையை வீட்டில் உள்ள எல்லாருக்கும் சொல்லி வைப்பது நல்லது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை, கழுவுவது. அரைக்கும் நேரம் 45 நிமிடம் என்றால், வழித்தெடுத்துக் கழுவித் துடைத்து வைக்க இன்னும் கால் மணி நேரம் வேண்டும். பாத்திரத்தின் அடியில் கல்லே இருப்பதால், ஈரத்தோடும் மாவோடும் அது கையில் கனக்கிறது. மாமியாருக்கு மணிக்கட்டு வலி வந்த பிறகு, பாத்திரத்தைத் தூக்கும் வேலையை மூத்த மகனிடம் ஒப்படைத்துவிட்டோம். உருளைக்கல்லுக்கும் அது கோத்திருக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் மாவு புகுந்து காய்ந்துவிடுகிறது. மேலோட்டமாகக் கழுவினால் அடுத்த முறை அரைக்கும்போது கற்களிலிருந்து புளித்த வாடை வரும். மாவை வழித்தவுடனே இரண்டு டம்ளர் தண்ணீரை ஊற்றி இரண்டு நிமிடம் ஓட விட்டு, பிறகு கற்களைக் கழற்றி, பழைய பல் துலக்கும் தூரிகையால் அந்த இடைவெளியைத் தேய்த்து, நிழலில் உலர்த்தினால் வாடை அண்டாது. முதல் ஓட்டத் தண்ணீரை நாங்கள் கொட்டுவதில்லை. அதையே மாவில் சேர்த்துக் கலக்கிவிடுவோம்.

பக்கச் சுவரில் ஒட்டும் மாவை உள்ளே தள்ளிவிடும் பிளாஸ்டிக் தகடு இரண்டாவது குறை. சில மாதங்களிலேயே அதன் விளிம்பு தேய்ந்து, மாவு சுவரில் படிந்தபடியே சுற்றத் தொடங்கியது. புதிய தகடு கேட்டபோது, விற்ற கடையும் சேவை மையமும் ஒருவரையொருவர் கைகாட்டி, வாரக்கணக்கில் எங்களை அலைய வைத்தார்கள். சிறிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றுக்காக நல்ல இயந்திரம் முடங்கிக் கிடப்பது என்னால் ஏற்க முடியாத நிலை. கடைசியில் பக்கத்துத் தெருவில் மிக்சி பழுது பார்ப்பவர் பொருத்திக் கொடுத்த தகடு இன்றுவரை உழைக்கிறது. வாங்கும் முன், பெல்ட்டும் தகடும் மூடியும் உங்கள் ஊரிலேயே தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்ற கேள்வியைவிட இது முக்கியமானது. உத்தரவாதம் பெரும்பாலும் மோட்டாருக்குத்தான், கெட்டுப்போவதோ மற்றவை.

தேங்காய் துருவி, சப்பாத்தி மாவு பிசையும் கருவி என்று கூடுதல் இணைப்புகள் சேர்த்துச் சில மாதிரிகளுக்கு அதிக விலை சொல்கிறார்கள். துருவி எங்களுக்கு ஓரளவு பயன்படுகிறது, குறிப்பாகப் பண்டிகை நாள்களில். மாவு பிசையும் கருவி பெட்டியை விட்டு வெளியே வருவதே அரிது. அதைப் பொருத்தவும் கழுவவும் ஆகும் நேரத்தில் கையாலேயே பிசைந்து முடித்துவிடலாம். இணைப்புகளுக்காகப் பணத்தைக் கூட்டித் தர வேண்டியதில்லை. மருதாணியை மட்டும் இதில் அரைக்கவே கூடாது. ஆடி மாதத்தில் பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் எங்கள் வீட்டில் அதற்கு அம்மிதான். கருங்கல்லின் நுண்துளைகளில் ஏறிய வாசனை அடுத்தடுத்த மாவிலும் தெரியும்.

புதிதாக வாங்கியதும் கல்லை நன்றாகக் கழுவி, ஒரு பிடி அரிசியைத் தண்ணீரோடு அரைத்துக் கொட்டிவிட வேண்டும். விரலில் தேய்த்துப் பார்க்கும்போது கல்பொடி நெருடாமல் இருக்கும்வரை இதைத் திரும்பச் செய்துவிட்டு, அதன் பிறகே உணவுக்கு அரைக்கலாம். கடையிலேயே செய்ய வேண்டிய சோதனையும் ஒன்று உண்டு. வெறும் பாத்திரத்தை ஓடவிட்டுக் கற்கள் தள்ளாடுகின்றனவா என்று பார்க்கத் தேவையில்லை. பாத்திரத்தை நீங்களே கழற்றி, இடுப்புயரத்துக்குத் தூக்கி, கவிழ்ப்பதுபோல் சாய்த்துப் பாருங்கள். அதை உங்களால் சிரமமின்றிச் செய்ய முடிகிறதா என்பதே இந்தப் பொருள் உங்கள் வீட்டுக்கு ஏற்றதா என்பதற்கு விடை.

முடியவில்லையென்றால், பாத்திரத்தைத் தூக்காமலே சாய்த்து மாவை வழிக்கக்கூடிய டில்டிங் வகையைப் பாருங்கள். விலை கூடும், மேடையில் இடமும் அதிகம் பிடிக்கும், ஆனால் வயதானவர்களே மாவாட்டும் வீடுகளுக்கு அந்த வகையைத்தான் பரிந்துரைப்பேன். எட்டுப் பேருக்கு மேல் உள்ள கூட்டுக் குடும்பங்களுக்கும், மாவு விற்பனையைச் சிறு அளவில் தொடங்க எண்ணுபவர்களுக்கும் 2 லிட்டர் போதாது. மற்றபடி, கழுவுவதற்கு உதவ வீட்டில் இன்னொரு கை இருக்குமானால், சாதாரண மூன்று கல் டேபிள் டாப்பையே தயங்காமல் வாங்கலாம்.