கவிஞருக்கு எந்த வேலை ஒத்துவரும்?

முதல் தொகுப்பு வந்த கையோடு ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணே, வேலைய விட்டுட்டு முழு நேரமா எழுதட்டுமா?" கணக்குப் போடச் சொன்னேன். புத்தகம் 150 ரூபாய், 300 பிரதி, 10 சதவீத ராயல்டி. ஒன்று விடாமல் விற்றாலும் 4,500 ரூபாய். சரி, கவிதை சோறு போடாது. எந்த வேலை கவிதையை விட்டுவைக்கும் என்று பார்க்கலாம்.

எல்லாரும் முதலில் நினைப்பது சினிமாவை. பணம் அங்கேதான் இருக்கிறது, மறுக்கவில்லை. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, டிவி, ரேடியோ, இணையம் என்று பாட்டு ஒலிக்கும் இடங்களில் வரும் ராயல்டிப் பங்கைப் பாடலாசிரியர் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ, ஐபிஆர்எஸ் போன்ற, ராயல்டி வசூலித்துத் தரும் காப்புரிமைச் சங்கத்துக்கோதான் கொடுக்கலாம். ஆனால் பாட்டு ஹிட்டானால்தானே ராயல்டி! நானும் ஒரு முறை போனேன். மெட்டு வாட்ஸ்அப்பில் வந்தது. 'தன்னானே' என்று போகும் தத்தகாரத்துக்குள் சொல்லை உட்கார வைக்கப் பதினோரு பல்லவி எழுதினேன். பன்னிரண்டாவதை இயக்குநரே எழுதிக்கொண்டார். பெட்ரோல் காசுகூட வரவில்லை. ஆனாலும் அந்தப் பதினோரு பல்லவி வீண்போகவில்லை. வரியில் எந்த அசை சும்மா நிற்கிறது என்று காது கண்டுபிடிக்கப் பழகியது.

அடுத்தது பத்திரிகை. பாரதி 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்துவிட்டு, அதே ஆண்டு சென்னையில் சுதேசமித்திரனுக்கு வந்தார். ஆங்கிலத் தந்திச் செய்திகளைத் தமிழாக்கும் வேலை. அவருடைய உரைநடைக்கு அது நல்ல பயிற்சி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் பாரதி. நான் எட்டு வருஷம் நைட் ஷிஃப்டில் தலைப்பு வைத்தேன். பொழுதெல்லாம் சொல்லோடு மல்லுக்கட்டியவனுக்கு வீட்டுக்கு வந்தால் பேனாவைக் கண்டாலே அலுப்பு. அந்த எட்டு வருஷத்தில் தேறிய கவிதை ஆறோ ஏழோ.

ஆசிரியர் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாரதிதாசன் புதுச்சேரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தினார், கவிஞர் தேவதேவனும் ஆசிரியர்தான். கோடை விடுமுறை பெரிய வரம். தேர்ச்சி விகிதம் கேட்டுத் தலைமையாசிரியர் நிற்கும் ஜனவரியை மட்டும் மறந்துவிடக் கூடாது.

என் ஓட்டு, சொல்லுக்குச் சம்பந்தமே இல்லாத மாதச் சம்பளத்துக்கு. கவிஞர்களில் ஞானக்கூத்தன் பொதுப்பணித்துறை. கல்யாண்ஜி ஸ்டேட் பாங்க். கலாப்ரியாவும் வங்கிதான். 'இசை' என்ற பெயரில் எழுதுகிறவர் அரசு மருந்தாளுநர். 'பார்வையில் காணும் கடிதத்தின்படி' என்று நாளுக்கு நாற்பது தடவை எழுதினாலும் கவிதைக்குச் சேதமில்லை, அது வேறு தமிழ். கவுன்ட்டருக்கு வருகிற மனிதர்களும் கவிதைக்குக் கேட்காமலே கிடைப்பார்கள். தொல்லை என்றால் இடமாறுதல். வங்கி என்றால் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு. முதல் தேதி வாடகை கொடுத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறவர், பதிப்பாளரிடமும் கொஞ்சம் நிமிர்ந்து பேசலாம்.

இதையும் மிஞ்சியது ஒன்று உண்டு: சொந்தக் கடை. கவிஞர் தேவதச்சன் கோவில்பட்டியில் நகைக்கடை வைத்திருந்தார். ஆள் வராத மத்தியானம், கல்லாவில் ஒரு நாற்காலி, யாருக்கும் லீவு லெட்டர் எழுத வேண்டாம். அதற்கு முதலீடு வேண்டும், தெருவில் நல்ல பெயரும் வேண்டும். தம்பிக்கு இரண்டும் கிடையாது.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப குரூப் 4 எழுதவாண்ணே?" என்றார். எழுதச் சொன்னேன். இப்போது தேர்வின் தமிழ்ப் பகுதிக்காகப் பத்தாம் வகுப்புச் செய்யுளை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்.