மரு எண்ணெய் தடவினது விரலுக்கு, உதிர்ந்தது முழங்கால் மரு

ஈரோடு மணிக்கூண்டு பக்கம் ஒரு நாட்டு மருந்துக்கடையில் சின்னவளுக்கு மரு எண்ணெய் வாங்கினேன். 30 மில்லி, 180 ரூபாய். கடை பேர் இங்கே வேண்டாம், கடைக்காரர் நல்ல மனுஷன். பாட்டில் மேல் 'விஞ்ஞானப்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. உள்ளே வேப்பெண்ணெய், பூண்டு, அப்புறம் அம்மான் பச்சரிசிப் பால். எங்கள் அம்மாயி வரப்பில் அந்தச் செடியைக் கிள்ளி மரு மேல் பால் வைப்பார், அந்த நினைப்பில்தான் காசைக் கொடுத்தேன்.

வலது ஆள்காட்டி விரலில் ரெண்டு மரு, இடது முழங்காலில் ஒன்று. பாவாடையில் கறை ஆகிறது என்று முழங்காலை விட்டுவிட்டு விரலுக்கு மட்டும் ரெண்டு வேளை தடவினோம். ஐந்து வாரத்தில் மருவைச் சுற்றித் தோல் சிவந்து எரிச்சல், மரு அப்படியே. ஆறாவது வாரம் குளிக்க வைக்கும்போது பார்த்தால் முழங்கால் மருவைக் காணோம்! அதற்கும் எண்ணெய் வைத்திருந்தால் இந்நேரம் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதிக்கொண்டிருப்பேன்.

மரு வைரஸால் வருவது, குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் தானாகவே போய்விடும். அதனால் தடவினவர்களோடு தடவாதவர்களையும் வைத்துப் பார்த்தால்தான் அது நிரூபணம். கடையில் ஆதாரம் கேட்டதற்கு ஒரு ஜெராக்ஸ் தந்தார்கள், அதில் இருந்தது கண்ணாடித் தட்டில் செய்த சோதனை. தட்டில் வைரஸ் அடங்கினால் விரலிலும் அடங்கும் என்று யார் சொன்னது?

செடியில் ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. பச்சைத் தேயிலைச் சாற்றில் செய்த 15% களிம்புக்கு அமெரிக்காவில் 2006இல் அனுமதி கிடைத்தது, ஆனால் அது பிறப்புறுப்பு மருவுக்கு, விரலுக்கு இல்லை. தோல் டாக்டர் எழுதிக் கொடுத்த சாலிசிலிக் அமிலத்துக்குப் பேர் வந்ததே வில்லோ மரத்தின் லத்தீன் பேரிலிருந்துதான். இப்போது ஃபேக்டரியில் செய்கிறார்கள், சோதனைகளில் ஓரளவு தாக்குப்பிடித்த மருந்து அது.

கடைக்காரரை ஒரு விஷயத்துக்குப் பாராட்ட வேண்டும். எனக்கு முன்னால் ஒருவர் அக்கிக்குக் காவி கேட்டார். "காவி அப்புறம் பார்க்கலாமுங்க, மூணு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சாத்தான் நல்லதுங்க, மொதல்ல டாக்டரப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த நேர்மை பாட்டில் மேல் இல்லை.

எண்ணெய்க்கு ஒரு நட்சத்திரம், கடைக்கு மூன்று. சாலிசிலிக் அமிலம் போட்டு மூன்று வாரம் ஆகிறது, விரலில் ஒரு மரு தட்டையாகிவிட்டது. அதுவும் தானாகத்தானோ என்னவோ.